அக்டோபரில் நின்ற கார்

ஆகஸ்ட் 4, திங்கள்

ரகோத்தமன் சார் இன்று என் காரை இரண்டாக வெட்டிவிட்டார். கத்தியால் இல்லை, சிவப்பு டேப்பால். கதவு முடிகிற இடத்தில் கூரையிலிருந்து அடிவரை ஒரே கோடாக ஒட்டிவிட்டுத் திரும்பினார்.

"இதுக்கு முன்னாடி இருக்கறது ஒரு கார். பின்னாடி இருக்கறது வேற கார். ரெண்டையும் நீதான் பண்ணியா, பூர்ணிமா?"

ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தன. டிசைன் ஹெட் என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா?

பதினான்கு மாத வேலை இது. எங்கள் ஸ்டுடியோவின் முதல் கூப்பே. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, நின்றாலும் ஓடுவது போல் தெரிய வேண்டும். அதோடு மாதச் சம்பளக்காரர்கள் வாங்கும் விலைக்குள் அடங்க வேண்டும். அதனால் முன்கண்ணாடி, விளக்கு, கதவு எல்லாமே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் ஹேட்ச்பேக்கிலிருந்து வர வேண்டும் என்பது கட்டளை. அந்தக் கதவோ குட்டை. கூப்பேக்கு நீளக் கதவுதான் அழகு. குட்டைக் கதவு முடிந்த பிறகு ஒரு முழத்துக்கு வெற்று உடம்பு கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பதினான்கு மாதமாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29 ஃப்ரீஸ். அதன் பிறகு வடிவத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூட யாரும் தொட முடியாது. அதற்குள் பின்பக்கம் வராவிட்டால், வேலை இத்தாலியில் இருக்கும் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்விடும். இதைச் சொல்லும்போது சார் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏதோ மழை வரும் என்பது போலச் சொன்னார்.

ஆகஸ்ட் 6, புதன்

பின்பக்கம் வரவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எட்வின் அண்ணன் இன்று நான்கு விதமாகச் செதுக்கிக் காட்டினார். அவர்தான் எங்கள் தலைமை க்ளே மாடலர், நாகர்கோவில்காரர். அடுப்பில் சூடாக்கிய க்ளே மண்ணைக் கட்டை விரலால் அப்பி, தகட்டால் இழுத்தால், நான் பேப்பரில் போட்ட கோடு அப்படியே முழு அளவுக் காரில் வந்து நிற்கும். முன்பக்கத்தை அப்படித்தான் மூன்றே வாரத்தில் முடித்தார். பின்பக்கத்துக்கு மட்டும் என்னிடமிருந்து கோடே வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். சொல்ல மாட்டார்.

"ரோஹன் என்ன சொல்றான்?" என்று மட்டும் கேட்டார்.

ரோஹன் என்று ஒருவன் இல்லை. சுவரில் இருக்கிறான். இந்தத் தொழிலில் இது ஒரு வழக்கம். காரை யார் வாங்கப் போகிறாரோ, அவருக்கு ஒரு பெயர், வயது, வேலை எல்லாம் கற்பித்து, ஒரு போட்டோவோடு பலகையில் மாட்டிவிடுவோம். பிறகு எல்லாச் சண்டையும் அவன் பெயரில்தான் நடக்கும். எங்கள் ரோஹனுக்கு வயது இருபத்தாறு, எம்பிஏ, சனி ஞாயிறில் கடற்கரைச் சாலையில் பறப்பான். போட்டோ நான் கொண்டுவந்தது. இணையத்தில் கிடைத்தது என்று சொல்லியிருக்கிறேன். அவன் இடது தோளில் யாருடையதோ நான்கு விரல்கள் தெரிகின்றன. ஆளை வெட்டியும் விரல் மிஞ்சிவிட்டது. ரோஹனின் காதலி என்று ஸ்டுடியோவில் கிண்டல் செய்வார்கள்.

ஜன்னல் விளிம்பை நான் பன்னிரண்டு மில்லிமீட்டர் இறக்கியதும் ரோஹனுக்காகத்தான். அவன் வலது முழங்கையை வெளியே வைத்துக்கொண்டுதான் ஓட்டுவான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பதினொரு மணிக்கு அம்மாவுக்குப் போன். ஞாயிறு பதினொரு மணிக்குத்தான் எப்போதும் பேசுவது. அந்த நேரம் வீட்டில் அவர் மட்டும் இருப்பார்.

"சாப்ட்டியா கண்ணு? முடியெல்லாம் கொட்டுதுன்னியே, எண்ணெ வெக்கிறியா?"

முழங்கால் வலி, கீரைக்காரி, பக்கத்து வீட்டு வளைகாப்பு எல்லாம் வந்தன. பிறகு குரல் தாழ்ந்தது. "வண்டிச் சத்தம் கேக்குது. வெச்சுடட்டுமா?" என்று வைத்துவிட்டார்.

துணி துவைத்தேன். படுக்கை விரிப்பு காயவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

கம்பெனிப் பத்திரிகைக்குப் பேட்டி. இந்தக் காரின் முன்பக்கக் கோடு எப்படிப் பிறந்தது என்று கேட்டார்கள். விளக்கின் ஓரத்தில் தொடங்கி, சக்கரத்தின் மேல் ஒருமுறை மூச்சு வாங்கி, கதவு முழுக்க இழுபட்டுப் போகும் கோடு. எல்லோரும் அதைத்தான் பாராட்டுகிறார்கள். திண்டிவனம் பைபாஸில் மழையில் போகும்போது தோன்றியது என்று சொன்னேன். மழை வழிந்த கண்ணாடி, லாரி விளக்கு என்று நன்றாகவே சொன்னேன். எனக்கே பிடித்திருந்தது.

மேஜையின் கீழ் டிராயரில், டேப் ரோல்களுக்கு அடியில் ஒரு பழைய மாதக் காலண்டர் தாள் இருக்கிறது. 2004 அக்டோபர். முன்பக்கம் முருகர். அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

வரும் சனிக்கிழமை கிளினிக். டாக்டர் கிடையாது. வெளியாட்கள் அறுபது பேரைக் கூட்டிவந்து, போனை வாங்கி வைத்துக்கொண்டு, காரைக் காட்டி அபிப்பிராயம் கேட்பார்கள். நாங்கள் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். வரைந்தவர்கள் வெளியே போகக் கூடாது, பேசக் கூடாது. ஆட்களைத் திரட்ட ஓர் ஏஜென்சி உண்டு. அங்கிருந்து கீர்த்தனா என்ற பெண் வந்தாள். ரோஹன் பலகைக்கு முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை.

"இவரு மாதிரி ஆளுங்கதான் வேணுங்களா மேடம்?"

"அச்சு அசல் இவர் மாதிரியே" என்றேன், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

சிரித்தாள். எந்த ஊர்ப் பெண் என்று நான் கேட்கவில்லை. அந்த 'வேணுங்களா' எங்கள் ஊர்ப்பக்கம் போலத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா பார்க்கிறேன்.

கிளினிக்குக்கு வருபவர்களின் பட்டியல் மதியம் வந்தது. நாற்பத்தொன்றாவது பெயர்: மோகனசுந்தரம், வயது 40, கரூர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்.

என் அண்ணன்.

மூன்று முறை படித்தேன். கீர்த்தனாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு ஒரே குதூகலம்.

"சர்ப்ரைஸ்ங்க மேடம்! நீங்கதான அச்சு அசல்னு சொன்னீங்க? போர்டைப் பாத்த உடனே தெரிஞ்சுருச்சு. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்ததே எங்க மோகண்ணந்தாங்க. போட்டோல கொஞ்சம் சின்ன வயசு. வரமாட்டேன்னுதான் சொன்னாரு. நான் விடலயே!"

அவர் வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். வயது அதிகம் என்றேன். அதற்குள் ரகோத்தமன் சாருக்குத் தெரிந்து, ஸ்டுடியோ முழுக்கத் தெரிந்து, கைதட்டல். "சுவத்துல இருந்தவன் எழுந்து வர்றான்யா!" என்று சார் என் மேஜையைத் தட்டினார். பதினான்கு மாதமாக அந்த முகத்தோடு வாழ்ந்தவர்கள். அவர்களுக்குத் திருவிழா. நான் எழுந்துவிட்டேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

சரி. எழுதுகிறேன். போட்டோ இணையத்தில் எடுத்ததல்ல. வீட்டு ஆல்பத்தில் எடுத்தது. தோளில் இருப்பது என் கை. அண்ணன் என்னோடு பேசிப் பதினேழு வருடம் ஆகிறது.

ஆகஸ்ட் 23, சனி

மண்டபத்தில் காலை ஒன்பதிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் ஆறு பேர். க்ளேயின் மேல் வெள்ளிநிற ஃபிலிம் ஒட்டி, நிஜ பெயின்ட் போலப் பளபளவென்று நிற்கிறது கார். பக்கத்தில் ரோஹன் பலகை. அதை அங்கே கொண்டுவந்து வைத்தது சாரின் குறும்பு. நாற்பது பேர் போனார்கள். முன்னாடி அசத்தல், பின்னாடி என்னமோ மாதிரி. நாற்பது வாயிலும் இதே பேச்சு.

பன்னிரண்டே காலுக்கு நாற்பத்தொன்று.

முடி நரைத்துவிட்டது. எனக்கு அது தெரியாது. அம்மா சொன்னதே இல்லை. டிரைவிங் ஸ்கூல் பெயர் போட்ட சட்டை, கையில் மடித்த துண்டு. என் பக்கத்தில் எல்லோரும் "ரோஹன், ரோஹன்" என்று கிசுகிசுத்தார்கள்.

அவன் காரைப் பார்த்தான். உடனே நின்றுவிட்டான். கேள்வி கேட்கும் பெண் ஏதோ சொன்னாள். அவன் காதில் விழவில்லை. விளக்கின் ஓரத்துக்குப் போய்க் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கோட்டோடு கூடவே நடந்தான். சக்கரத்தின் மேல் கோடு மூச்சு வாங்கும் இடத்தில் அவனும் ஒரு நொடி நின்றான். கதவு முடிகிற இடத்தில் நிமிர்ந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"கார் எப்படி இருக்கு சார்?" என்றாள் அந்தப் பெண்.

"கதவு வரைக்கும் நல்லா இருக்குதுங்க. அதுக்கப்புறம் வரைஞ்சவங்களுக்குத் தெரியல."

"எப்படி இருந்திருக்கணும்?"

அவன் கை எழுந்தது. கதவின் ஓரத்தில் தொடங்கி, கீழே ஒரு சரிவு, பின் சக்கரத்தைச் சுற்றி மேலே ஓர் ஏற்றம். காற்றில் ஒரே இழுப்பு. கதவு எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போயிற்று. கடவுளே, அவ்வளவுதான். பதினான்கு மாதம். அவ்வளவுதான்.

என் பக்கத்தில் ரகோத்தமன் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அந்தப் பெண் ஒரு தாளை நீட்டினாள். "வரைஞ்சு காட்டுறீங்களா சார்?"

"வேண்டாங்க. முன்னாடி பாதி ஏற்கெனவே போயிருச்சு. மீதியாச்சும் எங்கிட்ட இருக்கட்டும்."

அவளுக்குப் புரியவில்லை. எங்கள் அறையிலும் இருவர் சிரித்தார்கள். அப்போதுதான் அவன் பலகையைப் பார்த்தான். தன் முகத்தை, ரோஹன் என்ற பெயரை, எம்பிஏவை, கடற்கரைச் சாலையை எல்லாம் நிதானமாகப் படித்தான். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன் அவன்.

"தோள்ல ஒரு கை இருக்குது பாருங்க" என்றான். "அது என் தங்கச்சி கை. மத்ததெல்லாம் அவளக் கேட்டுக்கங்க."

போய்விட்டான்.

அந்தப் போட்டோவில் ஆள்காட்டி விரலின் நகம் கோணலாக இருக்கும். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கார்க் கதவில் நசுங்கியது. எட்வின் அண்ணன் திரும்பி என் கையைப் பார்த்தார். பதினான்கு மாதமாக அந்த விரல் க்ளேயின் மேல் ஓடுவதைப் பார்த்தவர். கையை மடியில் மறைத்தேன். அவர் தன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

சார் கத்தினார். "அவன் கை போன வழியப் பாத்தியா பூர்ணிமா? டேப்ப எடு! மறக்கறதுக்குள்ள போட்டுரு!"

பார்த்தேன். கண்ணை மூடினால் இன்னும் ஓடுகிறது. காரின் மேல் கோடு இழுக்கும் டேப் ரோல் கையில்தான் இருந்தது.

"நான் சரியாப் பாக்கல சார்" என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பதினொரு மணிக்குப் போன். அம்மா எடுக்கவில்லை. அவன் எடுத்தான்.

நான் ஹலோ சொன்னேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடும் சத்தம். வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"அக்டோபர் இருக்குதா?" என்றான்.

"இருக்குண்ணா."

"கொண்டாந்து குடு."

வைத்துவிட்டான். பதினேழு வருடத்துக்கு இரண்டு வாக்கியம்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். அண்ணன் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கார் வரைவான். எங்களிடம் கார் கிடையாது. பக்கத்து வீட்டுக் குட்டிக் காரின் கதவைத்தான் அளந்து வைத்துக்கொண்டு, அந்தக் கதவையே வைத்து ஒரு ரேஸ் வண்டி பண்ணிக் காட்டுகிறேன் என்பான். ஒரு தாளில் முழுக் காரும் பிடிக்காது. அக்டோபரில் பாதி, நவம்பரில் மீதி. டிசைன் கல்லூரிக்கு விண்ணப்பிக்க எனக்கு ஒரு நல்ல படம் வேண்டியிருந்தது. அக்டோபர் மேலே கிடந்தது. மூலையில் என் பெயரை எழுதி அனுப்பினேன். இடம் கிடைத்தது. மூன்றாம் வருடம் அதே படத்தைத் திருத்தி ஒரு பரிசும் வாங்கினேன். செய்தித்தாளில் போட்டார்கள். அவன் அதைக் கத்தரித்து ஒரு கவரில் எனக்கு அனுப்பினான். உள்ளே கடிதம் எதுவும் இல்லை. அதோடு பேச்சும் நின்றது.

திண்டிவனத்தில் அன்று மழையே பெய்யவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

சாரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு அக்டோபரை மேஜையில் விரித்தேன். சொன்னேன். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. தாளைப் பார்த்தார், வெளியே நிற்கும் காரைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார்.

"பதினேழு வயசுப் பையனா?"

"பத்தொன்பது சார். எனக்குத்தான் பதினேழு."

கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை.

"ஃப்ரீஸ் வரைக்கும் மேல சொல்லாம இருக்கேன். அதுக்கப்புறம் சொல்லித்தான் ஆகணும். நீ இங்க இருப்பியான்னு எனக்குத் தெரியாதும்மா."

தெரியும் என்றேன்.

"பின்பக்கத்த வாங்கிட்டு வான்னு நான் சொல்ல மாட்டேன். அதச் சொல்ற தகுதி நம்ம யாருக்கும் இல்ல."

வெளியே வந்தால் எட்வின் அண்ணன் அடுப்பில் புது க்ளேயை அடுக்கிக்கொண்டிருந்தார். "சூடாவே இருக்கட்டும் மேடம். எப்ப வேணும்னாலும் சொல்லுங்க" என்றார்.

ஆகஸ்ட் 27, புதன், கரூர்

பிள்ளையார் சதுர்த்தி. காலையில் வந்து இறங்கினேன். வாசலில் எல் போர்டு மாட்டிய எங்கள் கம்பெனி ஹேட்ச்பேக். அதே கதவு. பத்து வருடமாக அந்தக் கதவைத்தான் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான்.

அம்மா என்னைப் பார்த்ததும் கொழுக்கட்டை மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து யாருடைய லைசென்ஸ் படிவத்தையோ நிரப்பிக்கொண்டிருந்தான். நான் தாளைக் கொடுத்தேன். அவன் விரித்துத் தரையில் வைத்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து, பீரோவின் மேலிருந்து சுருட்டிய ஒரு தாளை எடுத்துவந்து அக்டோபரின் பக்கத்தில் வைத்து நான்கு மூலையிலும் படிவக் கட்டுகளை வைத்தான்.

நவம்பர். அதன் பின்பக்கம்.

வெள்ளை.

ஒரு கோடு இல்லை. ஒரு புள்ளி இல்லை. ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் மயில்மேல் முருகர். மறுபடி திருப்பினேன். வெள்ளைதான்.

"எங்கண்ணா?"

"எது?"

"மீதி."

"நான் எங்க வரைஞ்சேன்? அக்டோபர முடிச்சு வெச்சுட்டு அடுத்த நாள் பாத்தாக் காணோம். எலி இழுத்துட்டுப் போயிருச்சுன்னு அம்மா சொன்னாங்க. அது கெடைச்சாத்தான மேல இழுக்க முடியும்? தேடுனேன். மூணு வருசம் கழிச்சுப் பேப்பர்ல கெடைச்சுது."

அம்மா சமையலறையில் பாத்திரத்தை அலம்பத் தொடங்கினார். அலம்பிய பாத்திரத்தையே அலம்பினார். எலி என்று அம்மா சொன்னது யாருக்காக என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். அவரும் இருபது வருடமாக அந்த எலியோடுதான் குடியிருக்கிறார்.

நான் பாதிப் படத்தைத்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். மீதி அவனிடம் பத்திரமாக இருக்கிறது, அவனுக்கு ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அழுதுவிட்டேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சமாதானம் செய்யவில்லை.

"பென்சில் இருக்குதா?" என்றான்.

என் பையில் ஏழு பென்சில்கள் எப்போதும் இருக்கும். எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டையான ஒன்றை எடுத்தான். இரண்டு தாளையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னான். அக்டோபரின் ஓரத்தில் நின்றுபோன கோட்டின் நுனியில் பென்சிலை வைத்தான். சரிவு, சக்கரம், ஏற்றம். நவம்பரின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினான். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. கீழே மோகனசுந்தரம் என்று எழுதித் தேதி போட்டான்.

பிறகு அக்டோபரை என் பக்கம் தள்ளினான். மூலையில் என் பெயர், பதினேழு வயதுக் கையெழுத்தில், 'பூ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சுழி வேறு போட்டிருந்தேன்.

"அத அடிச்சுட்டு நீயே எழுது, பாப்பா."

அடித்தேன். எழுதினேன். மோகனசுந்தரம், எட்டே எழுத்துதான். எனக்குப் பாதியில் கை நின்று நின்று வந்தது. அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நான் கடைசிப் புள்ளி வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மாவிடம் கொழுக்கட்டை வெந்துவிட்டதா என்று கேட்டான்.